மாரிசாமியின் பிடி

1913ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை, பதுளை மைதானத்தில் பந்துக்காகத் தோள் கோத்துக் குனிந்த பதினாறு பேர் 1915ஆம் ஆண்டு மாசி மாதம் வரை நிமிரவில்லை. அவர்களில் பதினைந்து பேர் வெள்ளைக்காரத் துரைமார். பதினாறாமவன் ஊத்துக்காட்டுத் தோட்டத்து மாரிசாமி. பசறை ரோட்டில் போகிறவர்கள் முதல் வாரம் மாட்டுவண்டியை நிறுத்தி இறங்கி வந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் வண்டியில் இருந்தபடியே பார்த்தார்கள். அதற்குப் பிறகு அரிசி விலை பேசிக்கொண்டே கடந்து போனார்கள். எந்த அதிசயத்துக்கும் கண் பழகுவதற்கு ஒரு மாதம் தாராளம்.

அந்தக் காலத்தில் கண்டிச்சீமையின் ஊவாத் தோட்டத் துரைமாருக்குப் பதுளையில் ஒரு கிளப் இருந்தது. சனிக்கிழமை ஆனால் கோடு போட்ட பனியனும் அரைக்கால்சட்டையுமாக மைதானத்தில் இறங்கி, தோலால் செய்த முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காக ஒருவரை ஒருவர் சேற்றில் போட்டுப் புரட்டுவார்கள். அதற்கு ரக்பி என்று பெயர். கூலியாட்கள் குடியிருந்த லயங்களில் அதை முட்டைப் பந்து என்றே சொன்னார்கள். அவர்கள் இதே காரியத்தைச் செய்திருந்தால் விலங்கு மாட்டியிருப்பார்கள். துரைமார் செய்ததால் துரைசாணிமார் குடை பிடித்துக்கொண்டு கைதட்டினார்கள். அந்த விளையாட்டில் ஒரு கட்டம் வரும். பக்கத்துக்கு எட்டுப் பேர் மூன்று வரிசையாகக் குனிந்து, தோளைச் சுற்றிக் கை கோத்து, இரண்டு முன்வரிசைகளின் தலைகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ள, நடுவில் உருட்டிவிடும் பந்துக்காக எதிரெதிராகத் தள்ள வேண்டும். முன்வரிசையின் நடுவில் நிற்பவன் இரண்டு பக்கத்து ஆட்களையும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அவன் பிடியை விடாமல் முன்வரிசைத் தலைகள் பிரியாது. அவை பிரியாமல் பின்வரிசைக்காரர்களாலும் தலையை உருவ முடியாது.

அந்த வருஷம் மேற்கு மலைத் தோட்டங்களின் துரைமார் பதுளைக்கு ஆட வந்தார்கள். போன இடமெல்லாம் ஜெயித்தவர்கள். ஒவ்வொருவரும் கதவு அகலம் இருந்தார்கள். பதுளைப் பக்கமோ ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. ஒருவர் லுணுகலை வளைவில் குதிரையிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பிந்தனைக் காட்டுக்கு வேட்டைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியிருந்தார். மூன்றாமவரின் தொடையைப் பன்றி கிழித்திருந்தது. நான்காமவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார். அவர் உண்மையில் எதனால் விழுந்தார் என்பது அவருக்குப் பாட்டில் எடுத்துக் கொடுத்த சமையற்காரனுக்குத்தான் தெரியும். இவ்வளவு பேருக்கும் எப்படியோ மாற்று ஆள் பிடித்துவிட்டார்கள். ஆனால் முன்வரிசையின் நடுவில் நிற்க வேண்டியவர் ஆட்டத்தன்று வண்டியிலிருந்து இறங்கும்போதே கணுக்காலைப் பிசகிக்கொண்டார். ஆள் குறைகிறது என்று சொல்லி ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் மனம் பெல்டன் துரைக்கு இல்லை. அவர் ஊத்துக்காட்டுத் தோட்டத்தின் பெரிய துரை, கிளப் அணியின் தலைவரும் அவர்தான்.

மைதானத்தைச் சமப்படுத்தும் கல் உருளையை இழுப்பதற்காகத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்த ஆட்கள் ஓரத்தில் நின்றார்கள். அந்த உருளையைத் தனி ஆளாகத் தள்ளக்கூடியவன் மாரிசாமி ஒருவன்தான். பெல்டன் துரை அவனுக்குப் பனியனை மாட்டி, முகத்திலும் கையிலும் கோதுமை மாவைப் பூசி நிறுத்தினார். மேற்கு மலைத் துரைமாருக்குச் சந்தேகம் வராமல் இருந்திருக்காது. வந்தவர்களுக்கும் ஆட்டம் வேண்டியிருந்தது, அதனால் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள். குனிவதற்கு முன் பெல்டன் துரை அவன் காதுக்குப் பக்கத்தில் வந்து, தோட்டத்தில் கற்ற தமிழில் சொன்னார்:

"மாரிசாமி, இந்தப் பிடி நான் விடச் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. ஆட்டம் முடிஞ்சா ஒனக்கும் ஒன் பொஞ்சாதிக்கும் துண்டு தர்றேன். ஊருக்குப் போ."

துண்டு என்பது தோட்டத்தை விட்டுப் போகத் துரை எழுதித் தரும் சீட்டு. அது இல்லாமல் படி தாண்டியவனை ரோட்டில் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். மாரிசாமியும் அவன் மனைவி இராக்கம்மாவும் நாலு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துவரங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ரெங்கசாமிக் கங்காணி அவர்களைக் கூட்டி வந்தபோது, மூன்று வயது மகள் பெரியாயிக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அத்தைக்காரியிடம் விட்டுவிட்டு வாங்க, அடுத்த வருஷம் போய்க் கூட்டி வரலாம் என்று கங்காணி சொன்னார். அடுத்த வருஷம் கேட்டபோது அதற்கும் அடுத்த வருஷம் என்றார். நல்ல உழைப்பாளிகள் இரண்டு பேரை ஊருக்கு விட்டால் திரும்பி வருவார்களா என்பது அவர் கவலை. இராக்கம்மா கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரைப் பெண்களிடம் மகளுக்கு இப்போது என்ன பல் விழுந்திருக்கும் என்று கணக்குப் பார்ப்பாள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் பிள்ளை. வேறு எதையும் அவர்கள் இந்த உலகத்தில் கேட்கவில்லை.

பிடியை விடுவது பற்றித் தோட்டத்து முறை ஒன்று இருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் யார் வேலைக்கு அனுப்பினாரோ அவர்தான் மாலையில் விடச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மண்சரிவில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி பெல்டன் துரை மாரிசாமியை நிறுத்தினார். சின்னத்துரை வந்து விடச் சொன்னார், விட்டான். அதற்காகப் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் பெல்டன் துரையின் பிரம்பால் அடி வாங்கினான். அன்றோடு, சொன்ன வாய் சொன்னாலொழிய எதையும் விடுவதில்லை என்று அவன் உடம்பு முடிவு செய்துகொண்டது.

ஆட்டம் தொடங்கி அரை மணியில் மழை பிடித்தது. பதுளைப் பக்கத்தை மேற்கு மலைக்காரர்கள் விருப்பப்படி தள்ளிக்கொண்டு போனார்கள். மாவு கரைந்து மாரிசாமி கறுப்பாக வெளிப்பட்ட நேரத்தில் பதினாறு பேரும் பூட்டிக்கொண்டு நின்றார்கள், பந்து அவர்களின் காலடியில் கிடந்தது. பின்னாலிருந்து அதை எடுக்க ஓடி வந்த பெல்டன் துரை சேற்றில் வழுக்கிக் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டார். அவருக்கு நினைவு திரும்பவில்லை. பண்டாரவளை வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில், கொழும்பில் சீமைக்குப் போகும் கப்பல். ஏடனுக்கு இந்தப் பக்கமே உயிர் பிரிந்து, கடலில் இறக்கிவிட்டார்கள். விடச் சொல்ல வேண்டிய வாய் இப்படித் தண்ணீருக்குள் போயிற்று.

மைதானத்தில் விசில் ஊதினார்கள். மற்றவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள், தலையை எடுக்க முடியவில்லை. மாரிசாமியின் இரண்டு கையும் இரண்டு துரைமாரின் தோளைச் சுற்றி வேர் மாதிரி இறங்கியிருந்தன. துரைமார் திட்டினார்கள். ரெங்கசாமிக் கங்காணி பிரம்பால் தட்டினார். டாக்டர் துரை நல்லெண்ணெய் பூசினார், பனிக்கட்டி வைத்தார், கிச்சுக்கிச்சு மூட்டினார். பிந்தனையிலிருந்து இரண்டு யானைகளைக் கொண்டுவந்து இரு பக்கமும் கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது, ஒரு யானை கோபித்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரித் தோட்டத்து வாழையைத் தின்றது. மாரிசாமி எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னான்: "தொர சொல்லலீங்களே."

பஜாரில் தகரக் கடை வைத்திருந்த மர்ஸூக்தான் முதலில் உருப்படியான காரியம் செய்தார். "மனுசன் மழையில நனையிறதப் பாத்துக்கிட்டு இரிக்க ஏலா" என்று சொல்லி, நாலு கம்பம் நட்டுக் கூரை போட்டார். கிளப்காரர்கள் பிறகு சுற்றிவரப் பலகை அடித்து, வாசல் ஒன்று வைத்து, மண்தரையைச் சாணி போட்டு மெழுகச் செய்தார்கள். கட்டி முடித்த பிறகுதான் அளவு தெரிந்தது: அசல் லயத்துக் காம்பரா, ஒற்றை அறை. அதே தகரம், அதே இருட்டு, மழை பெய்தால் பேசுவது கேட்காத அதே இரைச்சல். கூலிக் குடும்பங்கள் இரண்டு குடியிருக்கும் இடத்தில் துரைமார் பதினைந்து பேர் குனிந்து நின்றார்கள். தோட்டத்தார் அதற்குத் துரை லயம் என்று பெயர் வைத்தார்கள். மற்றக் காரியங்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்பாடு இருந்தது, அதை எழுதுவது மரியாதை இல்லை.

சாப்பாடுதான் பெரிய பாடாக இருந்தது. துரைமாரின் சமையற்காரர்கள் வெள்ளிக் கிண்ணத்தில் சூப் கொண்டு வந்தார்கள். முகம் தரையைப் பார்த்திருக்கிறவனுக்குக் கரண்டியால் சூப் கொடுத்தால் அது மூக்குக்குப் போகும். இராக்கம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். புருஷனின் முகத்துக்கு நேரே கீழே குந்தி, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு, கையை மேலே தூக்கி ஊட்டினாள். இடப்பக்கம் மாரிசாமியின் கைக்குள் இருந்தவர் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து வில்மட் துரை. மூன்றாம் நாள் அவர் வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தார். ஒரு வாரத்தில் மற்றவர்களும் திறந்தார்கள். விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், மலையில் கொழுந்து பறித்து, அந்தியில் பதுளைக்கு நடந்து வந்து இத்தனை வாய்க்கு ஊட்டிவிட்டு அவள் திரும்பிப் போவாள். கிளப்காரர்கள் மாவும் கருவாடும் கொடுத்தார்கள். மாரிசாமிக்கு மட்டும் தோட்டத்தில் ஒரு நாளும் கூலிக்குப் பேர் போடவில்லை. துரை இட்ட வேலையில் நின்றவனை, வேலைக்கு வராதவன் என்று கங்காணி தினமும் பெரட்டில் அறிவித்தார்.

நாட்பட நாட்பட, துரைமார் காலையில் கண்ணைத் திறந்ததும், ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பும் தப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்கத் தொடங்கினார்கள். எப்போது விடிகிறது, எப்போது இராக்கம்மா வருவாள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு விஷயம் இல்லை. அவளுக்காகத் தமிழ் பேசக் கற்றார்கள். உப்புக் குறைந்தால் உப்புக் குறைகிறது என்று சொல்லத் தெரிந்துகொண்டார்கள். அட்டை கடித்தால் ஒருவருக்கொருவர் சொல்லி அழுதார்கள். 1914இல் ஐரோப்பாவில் சண்டை வந்து, ஊவாவின் இளம் துரைமார் பலர் கப்பல் ஏறினார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. துரை லயத்திலிருந்து மட்டும் ஒருவரும் போகவில்லை. அதற்காகத் தாங்கள் அழுதோமா சந்தோஷப்பட்டோமா என்று பின்னாளில் அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

பெல்டன் துரையின் இடத்துக்கு வந்த புதுத்துரையிடம் இராக்கம்மா இரண்டு முறை துண்டு கேட்டுப் பார்த்தாள். செத்தவர் சொன்ன வார்த்தைக்குத் தான் பொறுப்பில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அவளும் அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல்தான் இருந்தாள். புருஷன் துரை லயத்தில், அவள் தோட்டத்து லயத்தில், மகள் கடலுக்கு அந்தப் பக்கத்தில். மூன்று பேரும் மூன்று இடத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

1915 தை மாதம் துவரங்குறிச்சியிலிருந்து புதிய ஆட்கள் பசறைக்கு வந்தார்கள். அவர்களோடு வந்த பூவம்மா என்ற பெண், இராக்கம்மாவை விசாரித்துக்கொண்டு வந்து செய்தி சொன்னாள். அத்தைக்காரி பேதியில் போய்விட்டாள். பெரியாயி யார் வீட்டிலோ ஆடு மேய்க்கிறாள்.

"கேட்டா, அப்பனும் ஆத்தாளும் கண்டிச்சீமையில செத்துட்டாங்கன்னு சொல்லுது. அழக்கூட இல்ல. சும்மா சொல்லுது" என்றாள் பூவம்மா.

இராக்கம்மா தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் கூடையை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பதுளைக்கு நடந்தாள். துரை லயத்தில் அன்று புதுத்துரை வந்திருந்தார். மாரிசாமியின் காதுக்குள் கங்காணியை விட்டு "விடு, விடு" என்று கத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை துரைமாரின் முகத்தைப் பார்த்து இராக்கம்மா ஒரு வார்த்தையும் சத்தமாகப் பேசியதில்லை.

"தொர, அவரு ரெண்டு வார்த்த சொன்னாரு. விடாதேன்னு ஒண்ணு, ஊருக்கு அனுப்புறேன்னு ஒண்ணு. மொத வார்த்த இன்னும் உசுரோட இருக்கு, பாருங்க. யானைய விட்டு இழுத்தும் சாகல. ரெண்டாவது மட்டும் எப்படிங்க செத்துச்சு? ரெண்டும் ஒரே வாயிலதானே வந்துச்சு?"

புதுத்துரை கங்காணியைப் பார்த்தார். கங்காணி, "அப்படி ஒரு வார்த்த சொன்னதுக்குச் சாட்சி இல்லீங்க தொர. இதுக நெனச்சதைச் சொல்லும்" என்றார்.  அப்போது கீழே, மாரிசாமியின் இடது கைக்குள் இருந்து, நல்ல தோட்டத்துத் தமிழில் ஒரு குரல் வந்தது.

"நான் கேட்டேன். சொன்னாரு. துண்டு தர்றேன்னு சொன்னாரு."

வில்மட் துரை இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு துரைக்கு எதிராகக் கூலிக்குச் சாட்சி சொன்ன பெயர் தனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு மழைக்காலம் பதினாறு பேர் குனிந்து நின்றார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் சொன்னார் அல்லவா, அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் சொன்னதும் மற்றத் துரைமாரும் கேட்டோம் கேட்டோம் என்றார்கள். கேட்டிருக்க முடியாத மேற்கு மலைக்காரர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள்.

புதுத்துரை துண்டு கொடுக்கச் சம்மதித்தார். முதலில் பிடியை விடட்டும், பிறகு போகலாம் என்றார். மாரிசாமி குனிந்தபடியே சிரித்தான். "விட்டதுக்கப்புறம் என்னைய யாருங்க தேடுவா? கப்பல் ஏறுற எடத்துக்குப் போவோம். அங்க பாத்துக்கலாம்" என்றான். வேறு வழி இல்லை. பூட்டிய பூட்டோடு பதினாறு பேரும் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள்.

அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் ஹாலிஎலையிலிருந்து பண்டாரவளை வரை இருந்தார்கள். துரை லயத்தின் பலகையைப் பெயர்த்ததும் வெயில் பட்டுத் துரைமார் கண்ணைக் கசக்கினார்கள். பதுளைப் பக்கம் முன்னால் தள்ளியது, மேற்கு மலைப் பக்கம் பின்னாலேயே நடந்தது. ஒரு ஆட்டமும் தோற்காதவர்களை, ஆஸ்பத்திரி வார்டாக இருந்தவர்கள் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு தள்ளிக்கொண்டு போனார்கள். ரோட்டோரத்தில் வேலை செய்த ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். அவர்களைத் தடுக்கக் கங்காணிமாருக்கு நினைவு வரவில்லை. மர்ஸூக் வழிநெடுகத் தேத்தண்ணி கொடுத்து வந்தார். இராக்கம்மா தலையில் ஒரு மூட்டையோடு பக்கத்தில் நடந்தாள். பண்டாரவளையில் சாமான் வண்டி ஒன்றின் பக்கப் பலகையைக் கழற்றி ஏற்றினார்கள். பொல்காவலையில் வண்டி மாறினார்கள். தலைமன்னார்த் துறையில் கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது.

துண்டு இராக்கம்மாவின் கைக்கு வந்தது. ஏறும் பலகைக்குப் பக்கத்தில் மாரிசாமி பிடியை விடப் பார்த்தான். கை வரவில்லை. இந்த முறை அவனுக்கு மனம் இருந்தது, கைக்குத்தான் தெரியவில்லை. கப்பல் இரண்டாம் தடவை ஊதியது.  அப்போது மாரிசாமிக்குப் பயம் வந்தது. கடல் எதிரே இருக்க, இப்படியே பூட்டிக்கொண்டு மறுபடி மலைக்குப் போக வேண்டி வருமோ என்று அவன் உடம்பு நடுங்கியது. நடுக்கம் பதினைந்து பேருக்கும் பரவியது. இராக்கம்மா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே மணலில் குந்தினாள்.

"தொர இனிமே வர மாட்டாரு. நான் சொல்றேன். போதும், விடுங்க."

மாரிசாமியின் கைகள் திறந்தன. ஒருவர் பின் ஒருவராகத் துரைமார் தலையை உருவிக்கொண்டு, முதுகு முறிகிற சத்தத்தோடு நிமிர்ந்தார்கள். சிலர் மணலில் படுத்து வானத்தைப் பார்த்தார்கள். வில்மட் துரை எப்போதோ மறுபடி போட்ட கை மட்டும் மாரிசாமியின் தோளிலேயே இருந்தது. எடுக்கத் தெரியவில்லை அவருக்கு. இராக்கம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவர் அழுதுகொண்டிருந்தார் என்று துறைமுகத்து ஆட்கள் சொன்னார்கள்.

மாரிசாமி நிமிரவில்லை. குனிந்தபடியே, இரண்டு பக்கமும் யாரையோ அணைத்துக்கொண்டிருப்பது போலக் கைகளை வளைத்துக்கொண்டு, பலகையில் ஏறினான். ராமேஸ்வரம் பக்கத்து வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். துவரங்குறிச்சிக்கு வெளியே ஒரு கரட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இராக்கம்மா போய்ப் பெரியாயியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். எட்டு வயதுப் பெண், மெலிந்து, வெயிலில் கறுத்திருந்தாள். தாயை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை; ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. குனிந்து நிற்கும் ஆளைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள்.

"ஒங்கப்பன். நிமிர மாட்டாரு" என்றாள் இராக்கம்மா. "ஆனா வந்துட்டாரு."

 பெரியாயி கையிலிருந்த கம்பைக் கீழே போட்டுவிட்டு, அந்த வளைந்த கைகளுக்குள் நுழைந்து தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து அப்பனின் முகத்தைப் பார்த்தாள்.